அப்பாரு பார்த்த ஹெலிகாப்டர் யாருடையது? – வாசகர் கேள்வி பதில்

பழைய தனியார் ஹெலிகாப்டர்களின் பூர்வீகம் தேடும் கொங்கு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இந்த முறை எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: எங்க அப்பாரு 1965 வாக்கில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருக்குதுங்க. நெல் அறுத்த வயலில் ஹெலிகாப்டர் நிற்கிறது. முன்பக்கம் மீன் தொட்டி மாதிரி கண்ணாடி உருண்டை, வால் ஏணி மாதிரி வெறும் கம்பிச் சட்டம். ‘மிலிட்டரி வண்டி’ என்கிறார் மாமா. ‘மருந்தடிக்க வந்தது’ என்கிறார் அப்பிச்சி. யார் சொல்வது சரி?
– கோபிசெட்டிபாளையம் வாசகர்

பதில்: முதலில் மேலே சுழலும் ரோட்டரின் இறக்கைகளை எண்ணுங்கள். கண்ணாடி உருண்டையும் கம்பி வாலும் சேர்ந்த ஹெலிகாப்டர் என்றால் பெரும்பாலும் இரண்டு குடும்பங்களில் ஒன்றுதான். இறக்கை இரண்டு என்றால் அமெரிக்க பெல் 47. மூன்று என்றால் பிரெஞ்சு அலூயெட் 2, அல்லது அதன் வழியில் வந்த லாமா. இந்த லாமாவைத்தான் எச்.ஏ.எல். (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) நிறுவனம் ‘சீட்டா’ என்ற பெயரில் இங்கே செய்தது. அதற்கான ஒப்பந்தமே 1970இல்தான் போடப்பட்டது. உங்கள் படம் உண்மையிலேயே 1965 என்றால் சீட்டாவாக இருக்க வழியில்லை.

இறக்கை படத்தில் வெட்டுப்பட்டிருந்தால் கேபினுக்குப் பின்னால் பாருங்கள். பெல் 47இல் பெட்ரோல் பிஸ்டன் என்ஜின் சட்டத்துக்குள் நிமிர்ந்து நிற்கும். 47ஜி மாடலில் அதன் இரண்டு பக்கமும் தலையணை வைத்தது போல இரண்டு பெட்ரோல் டாங்குகள் உயரத்தில் தெரியும். ரோட்டருக்கு அடியில், இறக்கைகளுக்குக் குறுக்காக, இரு முனையிலும் குண்டு வைத்த ஒரு கம்பி இருக்கும். ஆர்தர் யங் வடிவமைத்த நிலைநிறுத்துக் கம்பி அது. பெல் 47இன் அங்க அடையாளம். குண்டுக்குப் பதிலாகக் குட்டித் துடுப்பு மாதிரி இரண்டு பலகை இருந்தால் அது ஹில்லர். ஹில்லருக்கும் உருண்டைக் கண்ணாடி உண்டு, ஆனால் வால் மூடிய குழாய். அலூயெட் 2, லாமா இரண்டிலும் டர்பைன் என்ஜின் மேலே, திறந்தபடி படுத்திருக்கும்.

பெல் 47க்கு 1946 மார்ச் 8 அன்று கிடைத்ததுதான் உலகிலேயே சிவிலியன் ஹெலிகாப்டர் ஒன்றுக்குக் கிடைத்த முதல் சான்றிதழ். 1970களின் நடுப்பகுதி வரை அமெரிக்காவில் பெல்லும், உரிமம் வாங்கி இத்தாலியில் அகுஸ்டா, ஜப்பானில் கவாசாகி, இங்கிலாந்தில் வெஸ்ட்லாண்ட் ஆகியவையும் செய்தன. நம் விமானப்படையிலும் பெல் 47 இருந்தது. ஆகவே மாடலைக் கண்டுபிடித்தாலும் மாமா – அப்பிச்சி வழக்கு தீராது. உடம்பில் மூவண்ண வட்டம் இருந்தால் மாமா ஜெயித்தார், ‘வி.டி.’ என்று தொடங்கும் ஐந்து எழுத்து இருந்தால் அது சிவிலியன் பதிவு. இறங்குகால் மேலே நீண்ட குழாயும், அதில் சிறு மூக்குகளும் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். தெரிந்தால் மருந்தடித்த வண்டிதான்.

படத்தை செல்போனில் எடுக்காமல் ஸ்கேனரில் 1,200 டி.பி.ஐ.யில் எடுங்கள், நெகட்டிவ் கிடைத்தால் 3,200. ஜேபெக் வேண்டாம், டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். ஜேபெக் சுருக்கும்போது முதலில் கெடுவது எழுத்தின் ஓரம்தான், உங்களுக்கு வேண்டியதும் அதுதான். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டுடியோ முத்திரை, பென்சிலில் எழுதிய தேதி எல்லாம் அங்கேதான் இருக்கும்.

கேள்வி: எங்களிடம் உள்ள படத்தில் பதிவெழுத்து தெரிகிறது, ஆனால் கடைசி எழுத்து ‘ஈ’யா ‘எஃப்’பா என்று புரியவில்லை. கதவில் ஒரு மில்லின் பெயர் இருக்கிறது. அந்த மில்லுக்குச் சொந்தமான ஹெலிகாப்டர் என்று எழுதிவிடலாமா?
– பொள்ளாச்சி வாசகர்

பதில்: எழுதாதீர்கள். கதவில் இருக்கும் பெயர் வாடகைக்கு எடுத்தவருடையதாகவும் இருக்கலாம், விளம்பரமாகவும் இருக்கலாம். பதிவேட்டில் இருக்கும் உரிமையாளர் பெயரே கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயராக இருப்பதுண்டு. சொந்தக்காரர், இயக்கியவர், அழைத்து வந்தவர் என மூன்று கட்டம் போட்டுக் குறிப்பெடுங்கள். தெரியாத கட்டம் காலியாகவே இருக்கட்டும்.

எழுத்து விஷயத்தில் ஒன்றை மட்டும் ஊகித்துப் பிடித்துக்கொண்டால் வேறொருவரின் வண்டியைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். ஆங்கிலத்தில் ஈ–எஃப், சி–ஜி, ஓ–டி–க்யூ, வி–யூ ஆகியவை அடிக்கடி மாறும். வரக்கூடிய எல்லாச் சேர்க்கைகளையும் எழுதிக்கொள்ளுங்கள். கம்பி வாலில் எழுத இடமில்லாததால் வாலில் கட்டிய தகட்டிலோ டாங்கிலோ எழுதியிருப்பார்கள். தகட்டின் ஓரத்தில் வெட்டுப்பட்டது எழுத்தா, நிழலா என்று பாருங்கள்.

பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டம். புதுதில்லியில் உள்ள சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் மத்தியப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்துடன் மனு. தபாலில் என்றால் போஸ்டல் ஆர்டர். மத்திய அரசின் இணையவழியிலும் கட்டலாம். மனு 500 சொல்லுக்குள் இருக்க வேண்டும். ‘இந்த ஹெலிகாப்டர் யாருடையது, எப்போது வந்தது, ஏன் விற்றார்கள்?’ என்று கேட்டால் வேலைக்காகாது. சட்டம் தருவது ஆவணத்தை, விளக்கத்தை அல்ல. இப்படிக் கேளுங்கள்: ‘கீழ்க்கண்ட பதிவெழுத்துகளுக்குரிய பதிவேட்டுப் பக்கங்களின் நகல் – தயாரிப்பாளர், மாடல், சீரியல் நம்பர், முதல் பதிவு தேதி, உரிமை மாற்றத் தேதிகள், பதிவு நீக்கிய தேதி, காரணம்.’ சேர்க்கைகள் நான்கு என்றால் நான்கையும் ஒரே மனுவில் போடலாம். நகலுக்குப் பக்கம் 2 ரூபாய்.

30 நாளில் பதில் வர வேண்டும். ‘தனிநபர் விவரம்’ என்று மறுத்தால் முதல் மேல்முறையீட்டில் 8(3) பிரிவைச் சுட்டுங்கள். 20 ஆண்டுக்கு முந்தைய நிகழ்வு என்றால் நாட்டின் பாதுகாப்பு, நாடாளுமன்ற – சட்டமன்ற உரிமை, அமைச்சரவைக் குறிப்பு தொடர்பான விலக்குகள் தவிர மற்றவை தடையாக நிற்காது. ‘ஆவணம் இல்லை’ என்று பதில் வந்தால் அடுத்த மனுவில் ஆவணப் பாதுகாப்புக் கால அட்டவணையையும், அழித்ததற்கான பதிவையும் கேளுங்கள். அப்படிக் கேட்டபின் கோப்பு கிடைத்துவிடுவதும் உண்டு.

இத்தனையும் எதற்கு என்றால் அந்த ஒரு சீரியல் நம்பருக்காக. பெயிண்டில் எழுதிய பதிவெழுத்து நாடு மாறினால் மாறும். அமெரிக்காவில் ‘என்’ (N) என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் ஒரே பதிவு எண்ணை வேறு வேறு வண்டிக்கு மறுபடி கொடுப்பார்கள். தொழிற்சாலை குத்திய எண்தான் கடைசி வரை கூட வரும்.

கேள்வி: உக்கடத்தில் பழைய இரும்புக் கடையில் ஒரு தகடு வாங்கினேன். ‘பெல்’ என்றும் ‘47-’ என்று தொடங்கும் எண்ணும் இருக்கின்றன. மீதி தேய்ந்துவிட்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தெரியுமா? இதை வைத்து ஹெலிகாப்டரைக் கண்டுபிடிக்கலாமா?
– கோவை வாசகர்

பதில்: உப்புத்தாளைத் தொடாதீர்கள். குத்திய எண்ணின் பள்ளம் மிகவும் ஆழமில்லாதது. நீங்கள் தேய்ப்பது அழுக்கை மட்டுமல்ல, எண்ணையும்தான். கம்பிப் பிரஷ், புளி, எலுமிச்சை எதுவும் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், பழைய மெல்லிய டூத் பிரஷ், அவ்வளவுதான். காய்ந்தபின் இருட்டறையில் வைத்து, டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் தகட்டோடு ஒட்டிப் படுக்கவைத்து அடியுங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது பள்ளங்கள் நிழலாக எழும். நான்கு திசையிலிருந்தும் ஒவ்வொரு படம் எடுங்கள். ‘3’ ஒரு திசையில் ‘8’ போலத் தெரியும். அதிலும் தெரியாவிட்டால் மெல்லிய காகிதத்தை மேலே வைத்து 4பி பென்சிலைப் படுக்க வைத்து உரசுங்கள். தேங்காய் உடைக்கிற பலம் வேண்டாம், கோலம் போடுகிற கை போதும்.

‘47-’ என்று தொடங்கி, நடுவில் கோடு போட்டு மூன்று மூன்று இலக்கமாகப் போனால் அது பாகத்தின் எண். அதே எண் நூற்றுக்கணக்கான வண்டிகளில் இருக்கும். ‘எல்-’ என்று தொடங்கினால் லைக்கமிங் என்ஜினின் எண்ணாக இருக்கலாம். என்ஜின் பழுது பார்க்கப் போகும், வேறு வண்டியில் ஏறும், அதனால் அதுவும் ஹெலிகாப்டரின் எண் அல்ல. ‘மாடல்’, ‘சீரியல் நம்பர்’, ‘டைப் சர்ட்டிபிகேட்’ மூன்றும் ஒரே தகட்டில் இருந்தால்தான் அது உடல் தகடு. வெஸ்ட்லாண்ட் செய்தவற்றில் எண்ணுக்கு முன் ‘டபிள்யூ.ஏ.’ வரும்.

உடல் தகடாகவே இருந்தாலும் உடனே நம்ப வேண்டாம். பழைய ராணுவ பெல்கள் ஏலத்தில் போய், இரண்டு மூன்று வண்டிகளின் பாகம் சேர்ந்து ஒரே வண்டியாக எழுந்த கதை வெளிநாடுகளில் ஏராளம். அப்படி எழுந்ததில் ஒன்றின் தகடு, இன்னொன்றின் சட்டம், மூன்றாவதன் வால்! தகட்டின் ஆணித் துளைகளைப் பாருங்கள். துளை நீண்டிருந்தால், இரண்டாவது ஜோடித் துளை இருந்தால், ஒருமுறை பெயர்த்து மாற்றியிருக்கிறார்கள். தகடு, லாக் புத்தகம் (பறந்த, பழுது பார்த்த விவரங்களை எழுதும் ஏடு), பதிவேடு மூன்றும் ஒரே எண்ணைச் சொன்னால் மட்டுமே முடிவு. இரண்டு ஒத்து ஒன்று மாறினால், எங்கே மாறியது என்பதே உங்கள் அடுத்த ஆராய்ச்சி.

கேள்வி: லாக் புத்தகத்தில் முந்தைய பதிவு ‘ஜி-’ என்று இருக்கிறது. எங்கே தேடுவது?
– ஈரோடு வாசகர்

பதில்: ‘ஜி’ பிரிட்டிஷ் பதிவு. அந்நாட்டு விமான ஆணையம் ‘ஜி-இன்ஃபோ’ என்ற தரவுத்தளத்தில் 1919 முதலான பழைய பதிவேட்டுப் பக்கங்களை ஸ்கேன் செய்து இலவசமாகவே வைத்திருக்கிறது. பக்கத்தில் எல்லா உரிமையாளரும் தேதிவாரியாக இருப்பார்கள். கடைசி வரியில் எந்த நாட்டுக்கு விற்றார்கள் என்று எழுதியிருந்தால், அந்தத் தேதியும் இங்கே ‘வி.டி.’ பதிவான தேதியும் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். நடுவில் ஓராண்டு தொங்கினால் இன்னொரு நாட்டுப் பதிவு ஒளிந்திருக்கலாம். பிரிட்டிஷ் ராணுவ ‘சூ’ (பெல் 47இன் ராணுவ வடிவம்) ஹெலிகாப்டராக இருந்து வெளியே வந்தது என்றால் ‘எக்ஸ்.டி.’ என்று தொடங்கும் ராணுவ எண்ணும் பக்கத்தில் இருக்கலாம். அமெரிக்க வண்டிக்கு ஒக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்.ஏ.ஏ. (அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகம்) பதிவகத்தில் முழுக் கோப்பின் நகலே சிறு கட்டணத்துக்குக் கிடைக்கும். விற்பனைச் சீட்டு, அடமானம், பழுதுபார்ப்புப் படிவம் எல்லாம் அதில் இருக்கும். அந்தக் கோப்பை ஒருமுறை பார்த்தவர்கள் வேறு எதையும் ஆதாரமாக எடுக்கத் தயங்குவார்கள்.

கேள்வி: 1972இல் தாராபுரத்தில் ஹெலிகாப்டர் இறங்கியதற்கான அனுமதிக் கோப்பைத் தேடினோம். திருப்பூர் கலெக்டர் ஆபீஸில் இல்லை என்கிறார்கள்.
– தாராபுரம் வாசகர்

பதில்: திருப்பூர் மாவட்டமே 2009இல் பிறந்தது. 1972இல் தாராபுரம் கோயம்புத்தூர் மாவட்டம். 1979இல் ஈரோட்டைத் தலைநகராக வைத்துப் பெரியார் மாவட்டம் பிரிந்தபோது அங்கே போனது. ஆக, கோவையில் கேளுங்கள். இதே கணக்கில் கோபி 1979 வரை கோவை, நாமக்கல் பக்கம் 1996 வரை சேலம், கரூர் 1995 வரை திருச்சி. இறங்க அனுமதி கேட்ட மனு அன்றாடக் கோப்பு, சில ஆண்டில் அழித்திருக்கவே வாய்ப்பு அதிகம். அதற்காக அலைவதைவிட அந்த வாரத்து நாளிதழைப் பாருங்கள். சென்னை கன்னிமாரா நூலகத்தில் பழைய இதழ்த் தொகுப்பு உண்டு. தில்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ தளத்திலும் ‘ஹெலிகாப்டர்’ என்று ஆங்கிலத்தில் தேடிப் பார்க்கலாம்.

கேள்வி: எஸ்டேட்டில் எடுத்த 8 மி.மீ. பிலிமில் ரோட்டர் பின்னோக்கிச் சுற்றுகிறது. பிலிமைத் திருப்பிப் போட்டுவிட்டோமா? அல்லது பிரெஞ்சு ஹெலிகாப்டரா?
– வால்பாறை வாசகர்

பதில்: பிரெஞ்சு ரோட்டர் மேலிருந்து பார்த்தால் கடிகார முள் திசையிலும், அமெரிக்க ரோட்டர் எதிர்த்திசையிலும் சுற்றும் என்பது உண்மைதான். ஆனால் பிலிமில் அதை நம்பக் கூடாது. பெல் 47 ரோட்டர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 350 சுற்று. உங்கள் கேமரா நொடிக்கு 16 படம் என்றால், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் இறக்கை சுமார் 131 டிகிரி நகரும். இறக்கை இரண்டும் ஒரே மாதிரி என்பதால் 180 டிகிரிக்கு ஒருமுறை காட்சி திரும்பவும் அதேதான். கண் அதை 131 முன்னால் போனதாக எடுக்காது, 49 பின்னால் வந்ததாக எடுக்கும். நொடிக்கு 18 படம் என்றாலும் இதே கதி. என்ஜின் அணைத்து ரோட்டர் நிற்கப்போகும் கடைசி சில நொடி பிலிமில் இருந்தால் அதைப் பாருங்கள், அப்போது தெரியும் திசைதான் நிஜம். பிலிம் திரும்பியிருக்கிறதா என்பதற்கு வண்டியில் உள்ள எழுத்தே சாட்சி, கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறித் தெரிந்தால் திரும்பியிருக்கிறது.

கேள்வி: பெரியவர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு வருஷம் சொல்கிறார்கள்.
– காங்கயம் வாசகர்

பதில்: வருஷத்தைக் கேட்காதீர்கள். ‘அப்போ உங்க மூத்த பொண்ணு நடந்துச்சுங்களா?’, ‘ஊருக்குக் கரண்ட் வந்திருந்துச்சுங்களா?’ என்று கேளுங்கள். ‘எண்ணெயை எதில கொண்டு வந்தாங்க, பெட்ரோல் வாசமா, சீமெண்ணெய் வாசமா?’ என்பதும் நல்ல கேள்வி. பெட்ரோல் வாசம் என்றால் பிஸ்டன் என்ஜின், சீமெண்ணெய் என்றால் டர்பைன். ‘டப் டப்’ என்று அடித்ததா, விசில் போல இரைந்ததா என்பதையும் கேளுங்கள். பெயர் நீங்களாக எடுத்துக் கொடுத்தால் தலையாட்டிவிடுவார்கள், எச்சரிக்கை.

கேள்வி: தகட்டோடு ஒரு பழைய மீட்டரும் வாங்கினேன். முள்ளும் எண்ணும் மஞ்சள் பெயிண்டில் இருக்கின்றன, இருட்டில் ஒளிரவில்லை. திறந்து சுத்தம் செய்யலாமா?
– மேட்டுப்பாளையம் வாசகர்

பதில்: கூடாது. பழைய விமான மீட்டர்களின் ஒளிரும் பெயிண்டில் ரேடியம் கலப்பது அந்தக் காலத்து வழக்கம். ஒளிரவில்லை என்றால் ரேடியம் தீர்ந்துவிட்டது என்று பொருளல்ல. அதனோடு கலந்த ஒளிரும் பொடிதான் கெட்டிருக்கிறது. ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டாகும். கண்ணாடி மூடியிருக்கும் வரை பெயிண்ட் தூள் வெளியே வராது. விரிசல் இருந்தால் தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டி, மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். சாப்பாட்டு மேசையிலும் படுக்கையறையிலும் வேண்டாம். இதுவரை கையில் எடுத்துப் பார்த்திருந்தால் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். பின்பக்கத்துச் சீரியல் நம்பரைக் குறிக்க வேண்டுமானால் பைக்கு வெளியிலிருந்தே படம் எடுக்கலாம்.