ஸ்லொட் கார் கொன்ட்ரோலரும் பிரேக்கும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஸ்லொட் கார் என்பது தடத்திலுள்ள பள்ளத்தைப் பற்றிக்கொண்டு, அதன் இருபுறமும் உள்ள தண்டவாளங்களிலிருந்து மின்சாரம் பெற்று ஓடும் சிறிய பந்தயக் கார். கையில் பிடிக்கும் கொன்ட்ரோலரின் விசையை அழுத்தி அதன் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறோம்.

கேள்வி (ஹட்டன்): எங்கள் வீட்டுத் தடத்தின் கொன்ட்ரோலரில் இரண்டு வயர்கள் மட்டுமே உள்ளன. விசையிலிருந்து விரலை எடுத்த பிறகும் கார் உருண்டுபோய் வளைவில் வெளியே பாய்கிறது. பிரேக் பிடிக்கச் செய்ய வழி உண்டா?

உண்டு, மூன்றாவது வயர் ஒன்று வேண்டும். உங்கள் கொன்ட்ரோலரில் விசையை விட்டதும் மின்சாரம் தடைப்படுகிறதே தவிர, காரை நிறுத்துவதற்கென்று எதுவும் நடப்பதில்லை. அந்த நேரத்தில் சுழன்றுகொண்டிருக்கும் மோட்டார் ஒரு டைனமோவாகவே இயங்குகிறது. அதன் இரு முனைகளையும் தண்டவாளங்களின் வழியே ஒன்றோடொன்று இணைத்துவிட்டால், அது பிறப்பிக்கும் மின்னோட்டமே சுழற்சியை எதிர்த்துக் காரைப் பிடித்து நிறுத்தும்.

பரவலாகக் கையாளப்படும் நிற முறையில், வெள்ளை வயர் மின்வழங்கியின் நேர்முனைக்கும், கறுப்பு வயர் ஒரு தண்டவாளத்துக்கும், சிவப்பு வயர் மற்றைய தண்டவாளமும் மறைமுனையும் சேரும் இடத்துக்கும் செல்லும். கைப்பிடியின் உள்ளே நகரும் தொடுகையோடு கறுப்பு வயரை இணையுங்கள். விசையை விட்டதும் அந்தத் தொடுகை வந்து நிற்கும் இடத்தில் சிறு பித்தளைத் தகடு ஒன்றைப் பொருத்தி, அதில் சிவப்பு வயரைச் சோல்டர் செய்யுங்கள். தகடும், விசையை அழுத்தும்போது தொடுகை உரசிச் செல்லும் தடைச்சுருளும் (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்தடைக் கம்பிச்சுருள்) ஒரே வேளையில் தொடுகையைத் தொடாதபடி இடைவெளி இருக்க வேண்டும். வெள்ளையும் கறுப்பும் இடம் மாறினால், விசையை விட்டவுடன் மின்வழங்கியே குறுஞ்சுற்றாகிவிடும் என்பதால், நேர்முனை வயரில் ஒரு பியூஸ் வைக்காமல் சோதிக்க வேண்டாம்.

கேள்வி (நுவரெலியா): எங்களுடையது மூன்று வயர் கொன்ட்ரோலர்தான். ஆனாலும் மழை மாதங்களில் பிரேக் மிகவும் தளர்ந்துவிடுகிறது. புதிய கொன்ட்ரோலர் வாங்க வேண்டுமா?

வாங்குவதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். மின்சாரத்தைத் துண்டித்து, கொன்ட்ரோலரைத் தடத்திலிருந்து கழற்றி, விசையைத் தொடாமல் கறுப்பு வயருக்கும் சிவப்பு வயருக்கும் இடையிலுள்ள தடையை அளந்து பாருங்கள். அது ஏறத்தாழப் பூச்சியமாக இருக்க வேண்டும். அரை ஓம், ஒரு ஓம் என்று காட்டினால் குறை கைப்பிடிக்குள் இருக்கிறது. திறந்து பார்த்தால், தொடுகை வந்து உட்காரும் இடத்தில் கருமையான வட்டம் ஒன்று படிந்திருப்பதைப் பெரும்பாலும் காணலாம். பென்சில் அழிறப்பரால் தேய்த்து, ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்ட துணியால் துடைத்தால் அது போய்விடும்.

பிரேக் மின்னோட்டம் மோட்டார், காரின் அடியிலுள்ள செப்புப் பின்னல், தண்டவாள மூட்டுகள், வயர்கள், கொன்ட்ரோலரின் தொடுகை ஆகிய அனைத்தையும் கடந்தே சுற்றி வருகிறது. மோட்டாரின் சுருள் 4 ஓம் என்றால், வழியில் வீணாகச் சேர்ந்த 2 ஓம் அந்த மின்னோட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும். நுவரெலியா போன்று ஈரப்பனி நிறைந்த ஊரில் தண்டவாளமும் பின்னலும் விரைவில் மங்கிவிடுவதால், ஓட்டி முடித்ததும் தடத்தை உலர்ந்த துணியால் துடைத்து மூடி வைப்பது அவசியம். பூச்சுள்ள தண்டவாளத்தில் மண்தாள் போட வேண்டாம். பூச்சு போனால் துரு இன்னும் வேகமாக ஏறும். பின்னலின் நுனியை மெல்ல விரித்துவிடுங்கள், தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். நீண்ட தடமானால், மின்சாரம் நுழையும் இடத்திலிருந்து எதிர்ப்பக்கத் தண்டவாளங்களுக்குத் தடித்த பல்லிழை வயர்களை இழுத்து இணையுங்கள். என் அனுபவத்தில், பிரேக் சரியில்லை என்று கொண்டுவரப்படும் கொன்ட்ரோலர்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தத் துப்புரவே போதுமானதாக இருந்திருக்கிறது.

கேள்வி (பதுளை): டிஜிட்டல் தடத்திலும் இந்த வயர் மாற்றத்தைச் செய்யலாமா?

வேண்டாம். அங்கே பிரேக்கைக் கையாள்வது காருக்குள் இருக்கும் சிப். கொன்ட்ரோலரிலிருந்து போவது கட்டளை மட்டுமே.

கேள்வி (தலவாக்கலை): சிவப்பு வயரில் ஒரு பற்றரியைத் தலைகீழாகச் சேர்த்தால் பிரேக் இன்னும் இறுகும் என்கிறார்களே?

இறுகும் என்பது உண்மைதான். சாதாரண பிரேக்கில் வேகம் குறையக் குறைய மோட்டார் பிறப்பிக்கும் மின்னோட்டமும் குறைவதால், கடைசிக் கட்டத்தில் பிடிப்புத் தளரும். பற்றரி தரும் எதிர்த்திசை மின்னழுத்தம் அந்தக் குறையை நிரப்புகிறது. ஆயினும் கார் நின்ற பிறகும் அந்த மின்னழுத்தம் நீடித்து மோட்டாரைச் சூடாக்கும், காரைப் பின்னோக்கியும் இழுக்கலாம். மோட்டாரின் பிரஷ்களும் விரைவில் தேயும். வீட்டுத் தடத்துக்கு நான் இதைப் பரிந்துரைக்கமாட்டேன். அதற்குப் பதிலாக, சில்லுகளின் அச்சிலுள்ள பற்சக்கரத்தைச் சற்றுப் பெரிதாக்குங்கள்: மோட்டாரிலுள்ள 9 பல் பினியனுக்கு (சிறு பற்சக்கரத்துக்கு) 27 பல்லுக்குப் பதிலாக 30 பல் போட்டால், சில்லு ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் மோட்டார் கூடுதலாகச் சுழன்று பிரேக்கும் வலுக்கும். உச்ச வேகம் ஓரளவு குறையும். அடித்தட்டில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி (கண்டி): எனக்கு எதிர்மாறான சிக்கல். பிரேக் பிடித்ததும் காரின் பின்பகுதி வழுக்கிச் சுழல்கிறது.

முதலில் டயர்களைத் துடையுங்கள். தூசி படிந்த டயரால் எந்தப் பிரேக்கையும் தாங்க முடியாது. அதன் பிறகும் வழுக்கினால், சிவப்பு வயரின் நடுவில் 25 ஓம் அளவான கம்பிச்சுருள் மாறுந்தடையி ஒன்றைச் சேர்த்து, அதன் குமிழைக் கைப்பிடியின் பக்கவாட்டில் கட்டைவிரலுக்கு எட்டும்படி பொருத்துங்கள். வானொலியில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் காபன் வகை இதற்கு உதவாது, கருகிப்போகும். குமிழைப் பூச்சிய முனைக்குத் திருப்பினால் முழுப் பிரேக் கிடைக்கும். அங்கிருந்து சிறிது சிறிதாகத் திருப்பி, கார் நேராக நிற்கும் இடத்தைக் கண்டுகொள்ளுங்கள்.