லூனிட்டாரி: செந்நிலவின் தெய்வம் குறித்த கேள்வி பதில்

காரைக்குடியில், கற்பனை மாந்தராக நடித்துக் கதை ஆடும் எங்கள் விளையாட்டுக் குழு, 1984-இல் வெளிவரத் தொடங்கிய டிராகன்லான்ஸ் கதைகளின் கற்பனை உலகமான கிரினைத் தேர்ந்தெடுத்த நாள் முதல், அங்குள்ள சிவப்பு நிலவைப் பற்றி நண்பர்களும் அவர்கள் வீட்டுப் பெரியவர்களும் கேட்டு வருகிறார்கள். அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

பள்ளத்தூரிலிருந்து: லூனிட்டாரி நிலவா, தெய்வமா?

இரண்டும்தான். கிரினின் வானில் மூன்று நிலவுகள் உண்டு. வெள்ளி நிறத்துச் சோலினாரி நன்மைக்கும், கரிய நூயிட்டாரி தீமைக்கும், செந்நிற லூனிட்டாரி நடுநிலைக்கும் உரியவை. ஒவ்வொன்றும் மாயக்கலையின் ஒரு தெய்வம். லூனிட்டாரி, நடுநிலைத் தெய்வமான கிலியனின் மகள். மூவரில் இவள் ஒருத்தியே பெண்.

ஆத்தங்குடியிலிருந்து: நடுநிலை என்பது இரண்டுங்கெட்டான் நிலை அல்லவா?

அப்படித்தான் பலரும் எண்ணுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கிரினின் மாயவர், அதாவது மந்திரவாதிகள், தம் நிலவின் நிறத்தில் ஆடை அணிவார்கள். வெள்ளாடை மாயவர் நன்மைக்காகவும் கறுப்பாடையினர் தன்னலத்துக்காகவும் மந்திரத்தைப் பயன்படுத்துகையில், செவ்வாடையினருக்கு மந்திரக் கலையே முதன்மையாகிறது. இரு பக்கமும் சாயாமல் அதைக் காப்பது அவர்கள் பொறுப்பு. பொய்த்தோற்றம் காட்டுவதும் ஒரு பொருளை வேறொன்றாக மாற்றுவதும் அவர்களுக்குக் கைவந்த கலைகள். கதைகளில் புகழ்பெற்ற மாயவன் ரேஸ்ட்லின், மாயவர் கடக்க வேண்டிய உயர்மாயத் தேர்வில் பொன்னிறத் தோலும் மணற்கடிகை வடிவக் கண்மணிகளும் பெற்று வெளியே வந்தபோது அணிந்தது செவ்வாடையே. கறுப்புக்கு மாறியது பிறகுதான்.

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி: இவளுக்குக் கோயில், பூசை, நோன்பு ஏதும் உண்டா தம்பி?

இல்லை ஆச்சி. மற்றத் தெய்வங்களுக்கு அங்கே பூசகர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வேண்டிக்கொண்டு வரம் பெறுகிறார்கள். மாயத் தெய்வங்கள் மூவருக்கும் அப்படி யாரும் இல்லை. மாயவர் தம் ஏட்டைத் திறந்து மந்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டும். சொன்ன உடனே அது நினைவிலிருந்து அழிந்துவிடும். நன்றாக உறங்கி எழுந்து மறுபடி படித்தால்தான் திரும்பக் கிட்டும். எதிரியை உறங்க வைக்கும் மந்திரத்துக்கு ரோஜா இதழ்களையோ ஒரு சிட்டிகை மணலையோ விரலிடுக்கில் வைத்துத் தூவியபடியே சொற்களை உச்சரிக்கிறார்கள். எவ்வளவு உருகினாலும் லூனிட்டாரி இரங்க மாட்டாள். ஆனால் அவள் வலிமை எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்பதை வானத்தைப் பார்த்தே கணித்துவிடலாம். எனக்கு அவளிடம் பிடித்ததே அதுதான்.

கானாடுகாத்தானிலிருந்து: திருக்கார்த்திகையிலிருந்து 21-ஆம் நாள் சஷ்டியும் சதயமும் கூடும்போது நகரத்தாராகிய நாம் பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்துக்கொள்கிறோமே, அதுபோல அங்கும் சேர்க்கை நாள் உண்டா?

நல்ல கேள்வி. நம் நோன்பில் இருப்பது ஒரே நிலவின் இரண்டு அளவுகள்: திதி சூரியனிலிருந்து நிலவு விலகிய தொலைவையும், நட்சத்திரம் விண்மீன்களுக்கிடையே அது நிற்கும் இடத்தையும் காட்டுகின்றன. கிரினில் நிலவே மூன்று. சோலினாரியின் சுற்று 36 நாள், லூனிட்டாரியினது 28, நூயிட்டாரியினது 8. ஒவ்வொரு மாயவருக்கும் தம் நிலவு முழுமையாக நிற்கையில் வலிமை கூடும், மறைந்திருக்கையில் குறையும். செந்நிலவும் கருநிலவும் 56 நாளுக்கு ஒருமுறையும், செந்நிலவும் வெள்ளிநிலவும் 252 நாளுக்கு ஒருமுறையும் சேர்ந்து முழுமை பெறும். மூன்றும் ஒருசேர முழுமையடைய 504 நாள் ஆகும். மூன்றும் சேர்ந்து ஒரு கண் போலத் தெரியும் அந்த இரவில் மூவகை மாயவருக்கும் வலிமை உச்சத்தில் இருக்கும்.

காரைக்குடியிலிருந்து: கரிய நிலவு இரவில் எப்படித் தெரியும்?

கறுப்பாடையினர் கண்ணுக்கு மட்டும் தெரியும்.

மீண்டும் கானாடுகாத்தானிலிருந்து: விளையாடும்போது இதையெல்லாம் எப்படி நினைவில் வைப்பது?

மூன்றும் முழுமையாக இருந்த இரவை 0 என்று வைத்து, ஆட்டநாளை 36, 28, 8 ஆகியவற்றால் வகுத்து மீதியைப் பாருங்கள். மீதி 0 என்றால் அந்த நிலவு முழுமை, சுற்றில் பாதி என்றால் அமாவாசை. 100-ஆம் நாளில் மீதிகள் முறையே 28, 16, 4 என்று வரும். அதாவது வெள்ளிநிலவு நன்கு வளர்ந்திருக்கிறது. செந்நிலவு அமாவாசை கடந்து இரண்டு நாள்தான் ஆகிறது. கருநிலவுக்கு அன்றே அமாவாசை. கறுப்பாடையினரை எதிர்க்க எண்ணியிருந்தால் அந்த இரவைத் தவற விடாதீர்கள். ஆனால் செவ்வாடைத் தோழரை முன்னே அனுப்பாதீர்கள்.