200 கோழிகளும் 20,000 மார்க்கும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

1215இல் பிரபுக்கள் கலகம் செய்து மன்னனிடம் வாங்கிய உரிமைச் சாசனமான மாக்னா கார்ட்டா பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். இங்கிலாந்தின் ஜான் மன்னனைக் கொடுங்கோலன் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்கள். அவனைப் பற்றி எழுதிவைத்தவர்கள் பெரும்பாலும் துறவிகள். போப்போடு மல்லுக்கு நின்றவனை அவர்கள் நல்லவன் என்றா எழுதுவார்கள்? அவன் அண்ணன் ரிச்சர்டும் மக்களைக் கசக்கிப் பிழிந்தவன்தான். அவன் மாவீரன், தம்பி மட்டும் பாவியா? போரில் தோற்றதால் வந்த கெட்ட பெயர் என்றுதான் எனக்குப் படுகிறது.

கே.

அன்புள்ள கே.,

பாதி சரிதான். ரிச்சர்ட் ஆண்ட 10 வருடங்களில் இங்கிலாந்தில் இருந்த நாட்களை எல்லாம் கூட்டினாலும் ஆறு மாதம்தான் தேறும். 1191இல் சிலுவைப்போரின்போது ஆக்கர் நகரில் 2,000க்கும் மேற்பட்ட கைதிகளைக் கொல்லச் சொன்னவனும் அவன்தான். துறவிகள் விஷயத்திலும் உங்கள் சந்தேகம் நியாயமானது. ஜான் இறந்த பிறகு செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தில் எழுதப்பட்ட சில கதைகளை நானும் நம்பவில்லை.

சரி, துறவிகளை ஒதுக்கிவிடுவோம். ஜானின் சொந்த எழுத்தர்கள் எழுதியதை மட்டும் பார்ப்போம். அரசாணைகளையும் கடிதங்களையும் நகலெடுத்து, தோல் சுருள்களில் வரிசையாகச் சேர்த்துவைக்கும் வழக்கம் அவன் ஆட்சியில்தான் பெரிதாக வேரூன்றியது. யார் எதற்காக மன்னனுக்கு என்ன தர ஒப்புக்கொண்டார்கள் என்று குறித்துவைத்த சுருள்களும் உண்டு. 1204 கிறிஸ்துமஸ் காலத்தில் அதில் ஒரு வரி: ஹ்யூ டி நெவிலின் மனைவி, தன் கணவனோடு ஓர் இரவு தங்குவதற்காக மன்னனுக்கு 200 கோழிகள் தருகிறாள். ஹ்யூ அரச வனங்களின் தலைமை அதிகாரி, மன்னனோடு நெருங்கிப் பழகியவன். இது அரண்மனைக் கேலி என்கிறார்கள் சிலர். அவள் மன்னனின் பிடியில் இருந்தாள் என்கிறார்கள் சிலர். எப்படி வைத்துக்கொண்டாலும், ஒருவன் மனைவியின் பெயரால் இப்படி ஒரு பேரம் அரசுக் கணக்கில் ஏறியிருக்கிறது. முதல்முறை அதைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அடுத்தது 1214. ஜான் விலக்கிவைத்த முதல் மனைவி இசபெல்லாவை மணக்க ஜெஃப்ரி டி மாண்டெவில் என்ற பிரபுவுக்கு விதித்த தொகை 20,000 மார்க். ஒரு மார்க் என்பது பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு. அப்படியானால் 13,000 பவுண்டுக்கும் மேல். 1207இல் நாடு முழுவதும் வசூலித்த பெரும் வரியே சுமார் 60,000 பவுண்டுதான். கிட்டத்தட்ட அதில் கால்பங்கை ஒரே மனிதன் தலையில் கட்டினார்கள், அதையும் பத்தே மாதத்தில் கட்டி முடிக்க வேண்டுமாம். யாராலும் முடியாது. முடியாது என்பது ஜானுக்கும் தெரியும். கடன்காரனாக வைத்திருந்தால் கைக்குள் வைத்திருக்கலாம் என்பதுதான் கணக்கு. அடுத்த வருடம் கலகப் பிரபுக்களின் வரிசையில் ஜெஃப்ரியும் நின்றான்.

நீங்கள் சொல்லும் தோல்விக்கும் இதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. 1204இல் பிரான்சில் அவன் குடும்பத்தின் கையில் இருந்த நார்மண்டி பறிபோனது. அதை மீட்கப் பணம் வேண்டும். கடலுக்கு அப்பால் பாதிக்கும் மேற்பட்ட நாட்களைக் கழித்த அப்பாவையும் அண்ணனையும் போல இல்லாமல், அதன்பின் பெரும்பாலும் இங்கிலாந்திலேயே சுற்றி வந்த ஜான், பத்து வருடம் காசு சேர்த்தான். 1214இல் பூவின் என்ற இடத்தில் அவனுடைய கூட்டாளிகள் பிரெஞ்சு மன்னனிடம் ஒரே நாளில் தோற்றார்கள். அத்தனையும் வீண். ஆனால் தோல்விக்கு முன்பே அவன்மேல் பயம் ஊறிப்போயிருந்தது.

வில்லியம் டி பிரேயோஸ் குடும்பத்துக்கு நடந்ததைப் பாருங்கள். ஒரு காலத்தில் ஜானின் நெருங்கிய நண்பன். அயர்லாந்தின் லிமரிக் நிலங்களுக்காக 5,000 மார்க் தர ஒப்புக்கொண்டு, சொற்பமே கட்டியிருந்தான். உறவு கசந்ததும் மன்னன் அவன் பிள்ளைகளைப் பிணையாகக் கேட்டான். தன் இன்னொரு அண்ணனின் மகன் ஆர்தரையே கொன்ற ஜானிடம் என் பிள்ளைகளைத் தரமாட்டேன் என்று மனைவி மெட்டில்டா சொல்லிவிட்டதாக ஒரு வரலாற்றாசிரியர் எழுதுகிறார். அவள் அதே சொற்களைச் சொன்னாளோ என்னவோ, ஜானின் சிறைக்குப் போன சிறுவன் ஆர்தரை 1203க்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை என்பது உண்மை. வில்லியம் பிரான்சுக்குத் தப்பி ஓடினான். மெட்டில்டாவும் மூத்த மகனும் 1210இல் பிடிபட்டு, ஜானின் சிறையில் சோறு தண்ணீர் இல்லாமல் செத்தார்கள். அறையில் ஒரு கட்டு ஓட்ஸ் கதிரும் ஒரு துண்டு பச்சைப் பன்றிக்கறியும் வைத்துப் பூட்டினார்கள் என்கிறது அக்காலக் குறிப்பு ஒன்று. ஒரு தாயும் மகனும், கே. என்னால் இதைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு மாக்னா கார்ட்டாவைத் திரும்பப் படியுங்கள். அப்பாவின் சொத்தை ஏற்கப் பெரும் பிரபு மன்னனுக்குக் கட்டும் வாரிசுக் கட்டணம் 100 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது. விதவையை மறுமணத்துக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது. பிணையாக வைத்திருக்கும் எல்லோரையும் உடனே திருப்பி அனுப்ப வேண்டும். நீதியை விற்கக் கூடாது, மறுக்கக் கூடாது, தள்ளிப்போடக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒருவரின் முகம் தெரியும்.

தோற்றதால்தான் வெறுத்தார்களா என்பதற்கு அவன் சாவுக்குப் பிறகு நடந்ததே பதில். 1216 அக்டோபரில் ஜான் வயிற்றுக்கடுப்பில் நியூவார்க்கில் செத்தபோது லண்டன், கலகப் பிரபுக்கள் அழைத்துவந்த பிரெஞ்சு இளவரசன் லூயியின் கையில் இருந்தது. பிரபுக்களில் பாதிக்கு மேல் அவன் பக்கம். ஹ்யூ டி நெவிலும் அங்கேதான் போயிருந்தான். ஜானின் மகன் ஹென்றிக்கு அப்போது வயது ஒன்பது. சிறுவனுக்குக் காவலாக நின்றவர் கிழவர் வில்லியம் மார்ஷல். அவருடைய பிள்ளைகளையே ஜான் ஒரு சமயம் பிணையாக வாங்கி வைத்திருந்தான். அவர் நவம்பரிலேயே சாசனத்தைத் திருத்தி, தன் முத்திரையிட்டு மறுபடி வெளியிட்டார். அதே குடும்பம், அதே கிரீடம். ஆள் மட்டும்தான் மாறியிருந்தான். போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்ப ஆரம்பித்தார்கள். 1217 முடிவதற்குள் லூயி கப்பலேறி ஊர் போய்ச் சேர்ந்தான்.