இறந்த குஞ்சில் கிடைத்த பாக்டீரியாதான் அதைக் கொன்றதா?

கேள்வி: சிமென்ட் தொட்டிகளில் திலேப்பியாக் குஞ்சுகளை வளர்த்து விற்று வருகிறேன். தொடர்ந்து மூன்றாவது முறையாக, இருபது நாள் வயதை எட்டும்போது குஞ்சுகள் நீரின் மேற்பரப்பில் திரண்டு மூச்சுக்குத் தவிக்கின்றன. செவுள் வெளிறி, அதில் மஞ்சள் நிறப் படிவு காணப்படுகிறது. வால் துடுப்பு கிழிந்துபோகிறது. ஐந்தாறு நாள்களில் பாதிக்கு மேல் இறந்துவிடுகின்றன. இறந்த மீன்களை ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். ஏரோமோனாஸ் என்று அறிக்கை வந்தது. தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலந்து கொடுத்தும் பயனில்லை. காரணமான பாக்டீரியாவைச் சரியாகக் கண்டறிய என்ன செய்ய வேண்டும்?

பதில்: மூன்று முறை குஞ்சுகளைப் பறிகொடுத்த பிறகும் மருந்தை மட்டும் கேட்காமல் காரணத்தைக் கேட்டிருக்கிறீர்கள். அதற்குத்தான் முதலில் விடை காண வேண்டும். உங்களுக்கு வந்த அறிக்கை பொய்யானதன்று. ஆனால் குஞ்சுகள் எதனால் இறந்தன என்பதற்கு அது விடையாகாது. ஏரோமோனாஸ் வகைப் பாக்டீரியாக்கள் நன்னீர் நிலைகளில் பரவலாக வாழ்பவை. நலமாக நீந்தும் மீனின் குடலிலும் இருப்பவை. மீன் இறந்ததும் அவை குடலிலிருந்து சிறுநீரகம், கல்லீரல் என்று உடல் முழுவதும் பரவிவிடுகின்றன. வெதுவெதுப்பான நீரில், அதுவும் இவ்வளவு சிறிய உடலில், இதற்குச் சில மணி நேரமே போதும். ஆகவே இறந்து மிதந்த குஞ்சை எடுத்துச் சோதித்தால், அது எதனால் இறந்திருந்தாலும் ஏரோமோனாஸ் கிடைப்பதில் வியப்பில்லை.

பாக்டீரியாவைத் தேடும் முன்பு, இறப்பு எப்படி நிகழ்கிறது என்பதைக் கவனியுங்கள். ஒரே இரவில் தொட்டி முழுவதும் இறந்துபோனால் ஆக்சிஜன் குறைவையோ நச்சுப்பொருளையோதான் முதலில் ஐயுற வேண்டும். முதல் நாள் சில, மறுநாள் அதைவிடப் பல என்று நாள்தோறும் ஏறிச்செல்வது தொற்றுநோயின் இயல்பு. உங்கள் தொட்டிகளில் நடப்பது இதைத்தான் ஒத்திருக்கிறது. எனினும் நீரைச் சோதிக்காமல் விடக்கூடாது, ஏனெனில் செவுளில் பாக்டீரியா பற்றிக்கொள்வதற்குப் பெரும்பாலும் முன்பே கெட்டுப்போன நீர்தான் வழி திறக்கிறது. கரைந்த ஆக்சிஜன் மிகவும் தாழ்ந்திருக்கும் விடியற்காலையில் அதை அளவிடுங்கள். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. அமோனியாவையும் பி.எச். அளவையும் பிற்பகலில் சேர்த்தே அளவிடுங்கள். நீரின் வெப்பநிலை 25 பாகை செல்சியஸாக இருக்கும்போது, மொத்த அமோனியாவில் மீனுக்கு நஞ்சாகும் பகுதி பி.எச். 7-இல் அரை விழுக்காட்டை ஒட்டியே இருக்கும், பி.எச். 8-இல் ஐந்து விழுக்காடாகவும், பி.எச். 9-இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேலாகவும் உயர்ந்துவிடும். பாசி மிகுந்த நீரில் பிற்பகலில் பி.எச். ஏறும், புதிதாகக் கட்டிய சிமென்ட் தொட்டியும் சுண்ணாம்பைக் கசியவிட்டு அதை ஏற்றும். இருபதாம் நாள் அளவில் தீவனமும் கழிவும் கூடியிருக்கும் என்பதையும் இதனுடன் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்தது மாதிரி எடுத்தல். ஆய்வு தவறிப்போவது பெரும்பாலும் ஆய்வகத்தில் அன்று, தொட்டிக்கரையில்தான். ஆய்வுக்கு வேண்டியவை இறந்த குஞ்சுகள் அல்ல; நோய்க்குறி தெளிவாகத் தெரிந்து, தள்ளாடியபடி இன்னும் உயிரோடிருக்கும் குஞ்சுகள். அப்படிப்பட்டவை பத்தையும், நோய் தென்படாத பக்கத்துத் தொட்டியிலிருந்து நலமான குஞ்சுகள் பத்தையும், தனித்தனி ஆக்சிஜன் பைகளில் அந்தந்தத் தொட்டி நீரிலேயே அடைத்து, அன்றே ஆய்வகத்தில் சேர்ப்பியுங்கள். நலமான குஞ்சுகள் எதற்கு என்று தோன்றலாம்: நோயுற்றவற்றிலும் நலமானவற்றிலும் ஒரே பாக்டீரியா ஒரே அளவில் இருந்தால், அதன்மேல் பழி போட இயலாது. உறைபெட்டியில் வைத்து உறைய வைக்காதீர்கள். உறைந்த திசுவில் நுண்ணோக்கிக்குக் காட்சி எதுவும் மிஞ்சாது. இவற்றோடு, நோயுற்ற குஞ்சுகள் சிலவற்றின் வயிற்றைக் கீறி, அவற்றின் பருமனைப் போல் பத்து மடங்கு அளவுள்ள பத்து விழுக்காடு நடுநிலை ஃபார்மலினில் இட்டு வைத்தால், திசு எவ்வாறு சிதைந்தது என்பதைப் பின்னர் பார்க்கலாம்.

ஆய்வகத்தில் முதல் வேலையாக, செவுளின் சிறு துண்டை ஒரு துளி நீரில் வைத்து உடனே நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். இந்தச் சோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும். ஆயினும் உங்கள் கேள்வியின் பாதிக்கு அதில் விடை கிடைக்கும். டிரைக்கோடினா அல்லது செவுள் புழு போன்ற ஒட்டுண்ணிகள் மிகுந்திருந்தால், பாக்டீரியா அவற்றின் பின்னால் வந்ததாகவே இருக்கக்கூடும். மாறாக, மெல்லிய நீண்ட குச்சிகளைப் போன்ற பாக்டீரியாக்கள் வழுக்கியபடி நகர்ந்து, செவுள் இழையின் விளிம்பில் வைக்கோற்போர் போலக் குவிந்து நின்றால், அது காலம்னாரிஸ் நோயின் அடையாளம். தூண் போன்ற இந்தக் குவியலை வைத்தே அந்தப் பெயர் வந்தது. 1922-ஆம் ஆண்டிலேயே இந்நோய் விவரிக்கப்பட்டுவிட்டது. நீங்கள் எழுதியுள்ள குறிகளைப் படித்ததும் என் ஐயம் இதன்மேல்தான் சென்றது. மஞ்சள் படிவும், கிழிந்த வாலும், மூச்சுத்திணறலும், விரைவான இறப்பும் இதற்குப் பொருந்துகின்றன.

என் ஐயம் சரியென்றால், முந்தைய அறிக்கை ஏன் வழிதவறியது என்பதும் விளங்கும். காலம்னாரிஸை உண்டாக்கும் ஃபிளேவோபாக்டீரியம், சத்து மிகுந்த வழக்கமான வளர்ப்பு ஊடகத்தில் சரியாக வளராது. சத்துக் குறைந்த, ஈரமான தனி ஊடகத்தில்தான் வேர் பரப்பியது போன்ற மஞ்சள் நிறத் திரள்களாக வளரும். வழக்கமான ஊடகத்தில் ஏரோமோனாஸ் ஒரே நாளில் பெருகி மற்றதை மூடிவிடும். ஆகவே, சைட்டோஃபேகா ஊடகத்திலோ ஷீ ஊடகத்திலோ செவுளிலிருந்து வளர்க்கும்படி ஆய்வகத்திடம் எழுத்தில் கேளுங்கள். 2022-இல் இந்த பாக்டீரியாவை நான்கு சிற்றினங்களாகப் பிரித்துவிட்டார்கள். அவற்றுள் ஒன்று திலேப்பியாவின் பேரினப் பெயரைக் கொண்டே ஓரியோக்ரோமிஸ் எனப்படுகிறது. எந்தச் சிற்றினம் என்பதை மரபணுச் சோதனைதான் காட்டும். திலேப்பியாவைத் தாக்கும் மற்றொரு பாக்டீரியாவான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் காரணமில்லை என்பதையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். அதில் கண் பிதுங்குவதும் மீன் சுழன்று நீந்துவதும் காணப்படும் என்பதால், மூளையிலிருந்தும் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள்.

ஒரு பாக்டீரியா கிடைத்துவிட்டாலும் அதுவே காரணம் என்று ஆகிவிடாது. நோயுற்றவற்றில் அது தொடர்ந்து காணப்பட வேண்டும். தனியாகப் பிரித்து வளர்க்கப்பட வேண்டும். நலமான குஞ்சுக்குச் செலுத்தினால் அதே நோயை உண்டாக்க வேண்டும். அக்குஞ்சிலிருந்து மீண்டும் கிடைக்க வேண்டும். ராபர்ட் கோக் 19-ஆம் நூற்றாண்டில் வகுத்த இந்த நெறி மீனுக்கும் பொருந்தும். தொற்றச் செய்யும் சோதனையை ஆய்வகத்தின் தனித்தொட்டியில்தான் செய்ய வேண்டும். பண்ணையில் ஒருபோதும் முயலாதீர்கள். நோய்க்குறி தெரியாத தொகுதியில் தொற்று மறைந்திருக்கிறதா என்று அறிய விரும்பினால் பத்துக் குஞ்சுகள் போதா. பத்து விழுக்காட்டில் தொற்று இருந்தால் அதைத் 95 விழுக்காடு உறுதியோடு கண்டுபிடிக்கச் சுமார் 30 குஞ்சுகளும், இரண்டு விழுக்காட்டில்தான் இருந்தால் சுமார் 150 குஞ்சுகளும் சோதிக்கப்பட வேண்டும்.

முடிவு வரும்வரை ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தி வையுங்கள். செவுள் அழிந்த குஞ்சு இரை எடுப்பதில்லை. எனவே தீவனத்தில் கலந்த மருந்து, யாருக்கு வேண்டுமோ அவற்றைச் சென்றடைவதில்லை. நலமான குஞ்சுகளே அதைத் தின்ன, எதிர்ப்புத் திறன் பெற்ற பாக்டீரியாக்கள் தொட்டியில் தேர்ந்து நிற்கின்றன. இப்போதைக்கு நெருக்கத்தைப் பாதியாகக் குறைத்து, தீவனத்தையும் குறைத்து, காற்றூட்டலைக் கூட்டுங்கள். காலம்னாரிஸ் உறுதியானால் உப்பு உங்களுக்குத் துணை நிற்கும்: லிட்டருக்கு 3 கிராம் என்னும் அளவு அந்த பாக்டீரியா செவுளில் பற்றுவதைத் தடுக்க உதவும், திலேப்பியா அதை எளிதில் தாங்கும். ஆயினும் ஒரே நாளில் கொட்டாமல் படிப்படியாக ஏற்றுங்கள். சில குஞ்சுகளிடம் முதலில் சோதித்துப் பாருங்கள். தொட்டிக்குத் தொட்டி தனி வலை வைத்திருங்கள். ஒவ்வொரு முறையும் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவிட்ட பிறகே மறுபடி நீர் நிரப்புங்கள்.

தடுப்பூசி பற்றிப் பலரும் கேட்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். மிக இளம் குஞ்சுகளில் நோயை நினைவில் வைத்து எதிர்க்கும் உறுப்புகள் முழுமையாக வளர்ந்திருப்பதில்லை. அந்த வயதில் தரும் தடுப்பு மருந்து நீடித்து நிற்பதில்லை. உங்கள் குஞ்சுகள் இறக்கும் வயதோ அதற்கு உட்பட்டதே. ஆதலால் அடுத்த தொகுதியை விடும் நாளிலிருந்தே தொட்டி வாரியாக இறப்பு எண்ணிக்கை, விடியற்கால ஆக்சிஜன், பிற்பகல் பி.எச்., வெப்பநிலை, தீவன அளவு ஆகிய ஐந்தையும் நாள்தோறும் குறித்து வாருங்கள். செவுள் சோதனையின் முடிவோடு அந்தக் குறிப்பையும் எனக்கு அனுப்புங்கள். மருந்து தேவையா, தேவையென்றால் எது என்பதை அவை இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.