பே சிட்டி ரோலர்ஸா, பெல் அண்ட் செபாஸ்டியனா? கேளுங்கள், சொல்கிறேன்

ஸ்காட்லாந்து பாப் என்று பேச்சு எடுத்தாலே இந்த இரண்டு குழுவில்தான் சண்டை வந்து நிற்கிறது. ரோலர்ஸ் 1970களில் இங்கிலாந்தையே அலற வைத்த எடின்பரோ பையன்கள், பெல் அண்ட் செபாஸ்டியன் 1996இல் கிளாஸ்கோவில் சத்தமில்லாமல் முளைத்த கூட்டம். இரண்டு பேரின் ரெக்கார்டும் வீட்டில் தேய்ந்து கிடக்கிறது, அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: ரோலர்ஸ் பாட்டை எழுதியது வேறு ஆள், ஸ்டூடியோவில் வாசித்ததும் வேறு ஆள். கட்டம்போட்ட கால்சட்டையைக் காட்டிப் பிழைத்தவர்களை எதற்கு ஒப்பிட வேண்டும்?

பாதி உண்மை. ஆரம்ப ஹிட்டுகள் பலவற்றை எழுதியது பில் மார்ட்டினும் ஃபில் கூல்ட்டரும்தான், ஸ்டூடியோவில் வாடகை வாத்தியக்காரர்கள் வாசித்ததும் நடந்தது. 1975இல் ஆறு வாரம் பிரிட்டனில் முதலிடத்தில் உட்கார்ந்த ‘பை பை பேபி’கூட அமெரிக்கக் குழு ஃபோர் சீசன்ஸ் பத்து வருடம் முன்பு பாடியதுதான். ஆனால் அதே வருடம் வந்து மூன்றாமிடம் பிடித்த ‘மணி ஹனி’யை எழுதியது குழுவிலிருந்த எரிக் ஃபோக்னரும் ஸ்டூவர்ட் வுட்டும், கிட்டாரும் நல்ல முரட்டு கிட்டார், அதைக் கேட்டுவிட்டு வந்து பேசுங்கள். அப்புறம் இன்னொன்று. மெட்டு ஒருவர், வரி ஒருவர், குரல் ஒருவர் என்று சினிமாப் பாட்டு கேட்டே வளர்ந்த நாம், ‘சொந்தமாக எழுதவில்லை’ என்று இவர்களை மட்டும் கழித்துக் கட்டுவது கொஞ்சம் ஓவர்.

கேள்வி: அண்ணா, ரோலர்ஸில் ஒரே ஒரு பாட்டு சொல்லுங்கள்.

‘சாட்டர்டே நைட்’, தம்பி. வேறு பாடகரை வைத்து 1973இல் பதிவு செய்து வெளியிட்டபோது பிரிட்டனில் நாய்கூடச் சீந்தவில்லை. லெஸ் மெக்கியூன் பாடகராக வந்த பிறகு அவர் குரலில் மறுபடி பதிவு செய்தார்கள், அது 1976 ஜனவரியில் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. ஆரம்பத்தைக் கவனியுங்கள்: சனிக்கிழமை என்பதை ஒவ்வொரு எழுத்தாகக் கத்துகிறார்கள், அடியில் தாளத்தைத் தவிரப் பெரிதாக எதுவும் இல்லை. மெட்டு வருவதற்கு முன்பே கேட்பவன் பாட்டுக்குள் வந்துவிடுகிறான். இதைக் கேட்டு, இப்படி ஒரு கூச்சல் நமக்கும் வேண்டும் என்றுதான் நியூயார்க்கின் பங்க் (முரட்டு ராக்) குழு ராமோன்ஸ் தங்கள் முதல் சிங்கிளின் அந்தப் பிரபலமான ‘ஹே ஹோ’வைப் போட்டார்கள், அதை அவர்களே சொல்லியிருக்கிறார்கள். பங்க் ரசிகர்கள் ரோலர்ஸைக் கேலி செய்யும்போது எனக்குச் சிரிப்பு வருவது இதனால்தான்.

கேள்வி: இரண்டு பெயருக்கும் கதை உண்டாமே?

முதல் குழு அமெரிக்க வரைபடத்தில் குத்து மதிப்பாக டார்ட் அம்பு எறிந்து மிச்சிகனின் பே சிட்டியைப் பிடித்தது. இரண்டாவது குழுவின் பெயர் ஒரு சிறுவனும் நாயும் வரும் பிரெஞ்சுக் குழந்தைக் கதையிலிருந்து வந்தது. அவ்வளவுதான்.

கேள்வி: பெல் அண்ட் செபாஸ்டியன் பாடகர் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தவர் மாதிரி முனகுகிறார். இதில் என்ன பெருமை?

ஸ்டூவர்ட் மர்டாக் வருடக்கணக்கில் நாள்பட்ட சோர்வு நோயில் படுத்துக் கிடந்தவர். வேலைக்குப் போக முடியாமல், கூட்டத்தில் சேர முடியாமல், ஜன்னல் வழியாக மற்றவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தவன் எப்படிப் பேசுவானோ அப்படித்தான் அந்தக் குரல் இருக்கும், கத்தினால் பொய்யாகிவிடும்.

முதல் ஆல்பம் ‘டைகர்மில்க்’ கிளாஸ்கோவின் ஸ்டோ கல்லூரியில் நடந்த இசைத்தொழில் படிப்பின் பகுதியாக வந்தது, அடித்தது ஆயிரம் தட்டு. 1999இல் மறுவெளியீடு வரும்வரை ஆட்கள் கேசட்டில் நகல் எடுத்து நகல் எடுத்துக் கேட்டார்கள். அதன் முதல் பாட்டில் தொடக்கத்தில் குரலும் கிட்டாரும் மட்டும்தான், மற்ற வாத்தியங்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளி மாதிரி ஒவ்வொன்றாக வந்து உட்காருகின்றன. கதையில் ஒருவன் பாதிரியாரிடம் பாவமன்னிப்பு கேட்கிறான், அவரோ அவன் பாவங்களை எல்லாம் மனப்பாடம் செய்து ஒரு பாக்கெட் நாவலாக எழுதிவிடுகிறார்! இந்தக் குறும்பை முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் பாடுகிறார் பாருங்கள், முனகலின் வேலையே அதுதான்.

கேள்வி: ரோலர்ஸ் ரசிகைகள் மாதிரி வெறிபிடித்த கூட்டம் இவர்களுக்கு ஏது?

ஏன் இல்லை? அங்கே கட்டம்போட்ட டார்ட்டன் துணியை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு மயங்கி விழுந்தார்கள், இங்கே கணினி முன்னால் உட்கார்ந்தார்கள். பிரிட்டனின் இசை விருதான பிரிட் விருதில், 1999இல், சிறந்த புதுமுகம் யார் என்று இணையத்தில் ஓட்டு வைத்தபோது, விற்பனை அட்டவணையில் கொடிகட்டிப் பறந்த பாப் குழு ஸ்டெப்ஸை இந்தக் கூச்ச சுபாவிகள் தோற்கடித்தார்கள். கள்ள ஓட்டு என்று எதிர்முகாம் கொதித்தது. ஸ்டெப்ஸ் யார்? பாட்டு வழியில் ஏறக்குறைய ரோலர்ஸின் பேரப்பிள்ளைகள். ரசிகர் படை என்றால் அது சத்தமாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது.

கேள்வி: ரோலர்ஸ் கோடீஸ்வரர்களாக இருப்பார்களே?

அங்கேதான் வயிறு எரிகிறது. வரவேண்டிய ராயல்டி வரவில்லை என்று 2007இல் தங்கள் ரெக்கார்டு கம்பெனி மேல் வழக்குப் போட்டார்கள், புகழ் முடிந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகு. குழுவைத் தொடங்கிய ஆலன் லாங்மியூர் பிளம்பர் வேலை கற்றவர், பின்னாளில் அந்தத் தொழிலுக்கே திரும்பினார். பெல் அண்ட் செபாஸ்டியன் ஆரம்பத்தில் பேட்டி கொடுக்காமல், போட்டோவுக்கு நிற்காமல் ஒதுங்கியதைத் திமிர் என்றார்கள் சிலர். எனக்கு அது புத்திசாலித்தனமாகத்தான் தெரிகிறது.

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், யார் மேல்?

ஆல்பமாகக் கேட்டால் பெல் அண்ட் செபாஸ்டியன், போட்டியே இல்லை. 1996 கடைசியில் வந்த ‘இஃப் யூ ஆர் ஃபீலிங் சினிஸ்டர்’ஐ நடுவில் தாண்டாமல் கேட்க முடியும். ரோலர்ஸ் ஆல்பம் எதையும் என்னால் அப்படிக் கேட்க முடிந்ததில்லை, இரண்டு நல்ல பாட்டுக்கு நடுவே நாலு சவசவ. ஆனால் மூன்று நிமிடம், ஒரு அறை நிறைய ஆட்கள் என்றால் ரோலர்ஸ்தான். போன மாதம் ஒரு பிறந்தநாள் விழாவில் இரண்டையும் போட்டுப் பார்த்தேன். மர்டாக் பாடும்போது எல்லோரும் கேக் வெட்டினார்களா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். ‘சாட்டர்டே நைட்’ வந்ததும் ஆங்கிலம் சரியாகத் தெரியாத பெரியம்மாவும் மூன்றாவது எழுத்துக்குள் கை தட்ட ஆரம்பித்துவிட்டார்.