டிராஃப்டா, இன்னும் ஒரு வருடம் கல்லூரியா?

கேள்வி: டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். மகனுக்கு 20 வயது, கல்லூரிக் கூடைப்பந்து அணியில் இரண்டாம் ஆண்டு. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கும் டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். இளநிலை மாணவர்களுக்கான மதிப்பீட்டுக் குழு 'இரண்டாம் சுற்று' என்கிறது. திரும்பி வந்தால் கல்லூரி அடுத்த ஆண்டுக்கு 9 லட்சம் டாலர் தருமாம். ஏஜென்டோ, "முதல் சுற்றிலேயே எடுத்துவிடுவார்கள், போகலாம்" என்கிறார். எதை நம்புவது?

பதில்: ஏஜென்ட் சொல்வதை ஏதாவது ஓர் அணியும் சொல்கிறதா? சொல்லவில்லை என்றால் திரும்பிப் போகட்டும். பையன் கல்லூரிக்குத் திரும்பினால், டிராஃப்டுக்காகப் போட்ட ஏஜென்ட் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள வேண்டும். என்.பி.ஏ. சம்பளத்தில் அவருக்கு வரக்கூடிய கமிஷன், அதிகபட்சம் 4 சதவீதம், கைநழுவிவிடும். அவர் பேச்சை அந்தக் கணக்கோடு சேர்த்துக் கேளுங்கள்.

முதல் சுற்றில் 30 பேர். ஒப்பந்தம் நான்கு வருடம். முதல் இரண்டு வருடச் சம்பளம் உறுதி, மற்ற இரண்டும் அணியின் விருப்பம். 30-வதாகப் போகிறவருக்கே முதல் வருடம் 25 லட்சம் டாலருக்கு மேல் கிடைக்கும். 31-வது ஆளுக்கு இப்படி எந்த உறுதியும் கிடையாது. பேரம் பேசி நல்ல ஒப்பந்தம் வாங்கியவர்கள் உண்டு. பலருக்குக் கிடைப்பது டூ-வே ஒப்பந்தம்தான்; என்.பி.ஏ. அணிக்கும், என்.பி.ஏ.வின் கீழ்நிலை லீக்கான ஜி லீக்கில் உள்ள அணிக்கும் மாறி மாறி ஆட வேண்டும். 2025-26-ல் அதன் சம்பளம் சுமார் 6.36 லட்சம் டாலர், அதுவும் முழு சீசனும் தாக்குப்பிடித்தால். அதுவும் இல்லாமல் ஜி லீக் மட்டும் என்றால் ஒரு சீசனுக்கு 40 ஆயிரத்தை ஒட்டிய தொகைதான். இதற்கு எதிரே 9 லட்சத்தை வைத்துப் பாருங்கள். 2025 ஜூலை முதல் கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம் என்று ஆனபிறகு இந்தத் தராசு அடியோடு மாறிவிட்டது.

முதல் 14 இடங்களுக்குள் வருவான் என்று அணிகளே சொன்னால் என் பதில் வேறு. அங்கே ஒரு வருடம் தள்ளிப்போட்டால் இரண்டாவது ஒப்பந்தமும் ஒரு வருடம் தள்ளிப்போகும். பெரிய பணம் அதில்தான் இருக்கிறது.

கெடு விஷயத்தில் பலர் சறுக்குகிறார்கள். 2025-ல் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. வைத்த விலகல் கெடு மே 28, என்.பி.ஏ.வின் கெடு ஜூன் 15. பின்னதை மனதில் வைத்து முன்னதைக் கோட்டை விட்டால், டிராஃப்டிலிருந்து விலகிய பிறகும் கல்லூரி அணியில் இடம் இருக்காது. என்.சி.ஏ.ஏ. கெடுவுக்குள் எத்தனை என்.பி.ஏ. அணிகளின் பயிற்சிச் சோதனைக்குப் போக முடியுமோ போகட்டும். "எங்கள் முறை வரும்போது இவன் இருந்தால் எடுப்பீர்களா?" என்று கேட்கச் சொல்லுங்கள். "பிடித்திருக்கிறது" என்பதெல்லாம் பதிலே இல்லை.

கல்லூரி ஒப்பந்தத்தை வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்து வேண்டாம். பணம் மாதாமாதமா, மொத்தமாகவா? காயம்பட்டால் நிற்குமா? இடையில் வேறு கல்லூரிக்கு மாறினால் எவ்வளவு திருப்பித் தரவேண்டும்? இந்த மூன்றுக்கும் ஒப்பந்தத்தில் பதில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். நிரந்தர ஊனக் காப்பீட்டுக்கு யார் பிரீமியம் கட்டுவது என்பதையும் அதிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

பெரும்பாலும் கல்லூரி தரும் பணத்தில் வரி பிடித்துத் தரமாட்டார்கள். சுயதொழில் வரியும் சேரும். டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை என்றாலும், வரும் ஒவ்வொரு தவணையிலும் நூற்றுக்கு 40-ஐத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு, காலாண்டுக்கு ஒருமுறை கட்டிவாருங்கள். அடுத்த ஏப்ரலில் மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அபராதமும் சேர்ந்து வரும். அதற்குள் பையன் கார் வாங்கியிருப்பான்.