ஒரே ஆல்பம், பல பதிப்பு: ஜாஸ் இசைத்தட்டு கேள்வி-பதில்

கேள்வி: ஜான் கோல்ட்ரேனின் 'ப்ளூ ட்ரெய்ன்' என்னிடம் இரண்டு பதிப்பு இருக்கிறது. ஒன்று 2022-இல் வந்த, ப்ளூ நோட் நிறுவனத்தின் டோன் போயட் மறுபதிப்பு வரிசை மோனோ. மற்றது ஐரோப்பாவில் அச்சான, விலை குறைந்த 180 கிராம் தட்டு. மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டால் விலை குறைந்ததுதான் எடுப்பாகக் கேட்கிறது. பணம் வீண்தானா?
— வாசகர், ஃபேர்லேண்ட்ஸ்

பதில்: அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். இரண்டையும் வால்யூம் குமிழைத் தொடாமல் கேட்டீர்களா? அப்படியானால் நீங்கள் ஒப்பிட்டது பதிப்பை அல்ல, சத்தத்தை. ஒரே ஆல்பத்தின் இரண்டு பதிப்புகளுக்குள் 2, 3 டெசிபல் வித்தியாசம் இருப்பது சாதாரணம். ஒரு டெசிபல் கூடினால் நம் காது அதைச் 'சத்தம் கூடிவிட்டது' என்று எடுத்துக்கொள்வதில்லை. 'தெளிவாக இருக்கிறது, உயிரோட்டமாக இருக்கிறது' என்றுதான் எடுத்துக்கொள்ளும். பதிப்புகளைப் பற்றி நடக்கும் சண்டைகளில் பாதி இதனால் வருவதுதான்.

சமப்படுத்தும் முறை இது. இரண்டு தட்டிலும் ஒரே இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தலைப்புப் பாட்டில் கோல்ட்ரேன் சோலோ தொடங்கும் முதல் 20 விநாடி போதும். உங்கள் டர்ன்டேபிளில் யூ.எஸ்.பி. வெளியீடு இருந்தால் இரண்டையும் ஒரே அளவு அமைப்பில் கணினியில் பதிவு செய்து, ஆடாசிட்டி மென்பொருளில் அந்த 20 விநாடியின் ஆர்.எம்.எஸ். (சராசரி ஒலி) அளவைப் பாருங்கள். எது கூடுதலோ அதைக் குறைத்து, வித்தியாசத்தை 0.2 டெசிபலுக்குள் கொண்டுவாருங்கள். பிறகு கோப்புகளை வேறொருவரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, எது எது என்று தெரியாமல் கேளுங்கள். யூ.எஸ்.பி. இல்லையென்றால் போனில் சத்தம் அளக்கும் செயலியைப் போட்டு, நீங்கள் உட்காரும் இடத்தில் போனை அசையாமல் வைத்து அளந்து, வால்யூம் குமிழருகே பென்சிலால் இரண்டு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இது அவ்வளவு துல்லியம் அல்ல. ஆனால் அளக்காமல் கேட்பதைவிடப் பல மடங்கு மேல்.

இன்னொன்றையும் பாருங்கள். உங்கள் ஐரோப்பியத் தட்டு ஸ்டீரியோவா? மோனோவையும் ஸ்டீரியோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'எது உசத்தி' என்று கேட்பதில் பொருளில்லை. 1957-இல் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர் ஸ்டீரியோவில் பதிந்தபோது வாத்தியங்களை இடமும் வலமுமாகப் பிரித்தே வைத்தார். அந்த அகலம் முதல் தடவை கேட்கும்போது பிரமிப்பாகத்தான் இருக்கும்.

அளவு சமமான பிறகு எங்கே காதை வைப்பது? முதலில் லீ மார்கனின் ட்ரம்பெட். உச்சத்தில் ஊதும்போது காதில் குத்துகிறதா, அல்லது பித்தளையின் கனத்தோடு வருகிறதா? அடுத்து ஃபில்லி ஜோ ஜோன்ஸின் சிம்பல். நல்ல கட்டிங்கில் (டேப்பில் உள்ள ஒலியைத் தடமாக வெட்டுவதுதான் கட்டிங்) முதலில் குச்சி படும் 'டிங்', பின்னால் உலோகம் விரியும் ஓசை என இரண்டும் தனித்தனியே கேட்கும். ட்ரெபிளை ஏற்றிவிட்ட பதிப்பில் இரண்டும் கலந்து 'ஸ்ஸ்' என்றாகிவிடும். பாட்டின் கடைசிப் பகுதியில் பால் சேம்பர்ஸின் பேஸ் சோலோ வரும். ஒவ்வொரு ஸ்வரத்திலும் விரல் தந்தியை விடும் நொடி கேட்க வேண்டும். வெறும் 'தும் தும்' போதாது. கென்னி ட்ரூவின் பியானோ மட்டும் எந்தப் பதிப்பிலும் கொஞ்சம் பெட்டிக்குள் அடைத்தது போல இருக்கும். அது ஹாக்கன்சாக் ஸ்டுடியோவில் வான் கெல்டர் பியானோவைப் பதிந்த விதம். மறுபதிப்பு போட்டவரைக் குறை சொல்லாதீர்கள்.

180 கிராம் என்ற ஸ்டிக்கரை நம்பி எதையும் வாங்க வேண்டாம். எடை கூடினால் தட்டு எளிதில் வளையாது, அவ்வளவுதான். தடத்தில் என்ன வெட்டப்பட்டிருக்கிறது என்பதை எடை மாற்றாது. தடித்த தட்டுக்கு ஊசிக் கோணம் மாறிவிடும் என்ற கவலையும் தேவையில்லை. 9 அங்குல டோன்ஆர்மில் (ஊசியைத் தாங்கும் கை) கோணம் 1 டிகிரி மாற, உயரம் ஏறத்தாழ 4 மி.மீ. மாற வேண்டும். தட்டுகளின் தடிமன் வித்தியாசம் 1 மி.மீ. கூட வராது.

கேள்வி: டோன் போயட், க்ளாசிக் வினைல், ஓ.ஜே.சி., அகூஸ்டிக் சவுண்ட்ஸ் என்று பல வரிசை வருகின்றன. எதில் எது வாங்கலாம்?
— வாசகர், சூரமங்கலம்

பதில்: வரிசையின் பெயரைப் பார்ப்பதைவிட மூன்று விஷயத்தைப் பாருங்கள்: எந்த டேப்பிலிருந்து, யார் வெட்டினார், எங்கே அச்சானது.

ப்ளூ நோட்டின் டோன் போயட் வரிசை 2019-இல் தொடங்கியது. ஜோ ஹார்லி மேற்பார்வை, மூல அனலாக் டேப்பிலிருந்து கெவின் கிரே வெட்டுகிறார், கலிபோர்னியாவில் ஆர்.டி.ஐ. ஆலையில் அச்சாகிறது, கெட்டி அட்டையில் மடிப்பு உறை. அதே ப்ளூ நோட்டின் க்ளாசிக் வினைல் வரிசையையும் வெட்டுபவர் அதே கெவின் கிரேதான். அச்சு மட்டும் ஜெர்மனியின் ஆப்டிமல் ஆலையில், உறை சாதாரணம், விலை கணிசமாகக் குறைவு. ஆகவே எங்கள் கருத்து தெளிவு: நீங்கள் தேடும் ஆல்பம் க்ளாசிக் வினைலில் இருந்தால் அதை வாங்குங்கள். உறையின் அழகுக்காகவும் அதிகம் வெளிவராத ஆல்பங்களுக்காகவும் டோன் போயட்டுக்குப் போங்கள்.

வெர்வ், இம்பல்ஸ் நிறுவனங்களின் ஆல்பங்களுக்கு அகூஸ்டிக் சவுண்ட்ஸ் வரிசை. ஸ்டெர்லிங் சவுண்டின் ரையன் ஸ்மித் வெட்ட, கான்சாஸின் சலைனா ஊரில் உள்ள க்யூ.ஆர்.பி. ஆலையில் அச்சாகிறது. பின்னணி நிசப்தம் என்றால் இந்த ஆலையின் தட்டுகள்தான். மெதுவான பாலட்களில் அந்த அமைதி மிக முக்கியம். பிரஸ்டீஜ், ரிவர்சைடு நிறுவனங்களின் ஆல்பங்களை க்ராஃப்ட் நிறுவனம் 2023-இல் ஓ.ஜே.சி. வரிசையாக மீண்டும் தொடங்கியது. கான்டெம்பரரி நிறுவன ஆல்பங்களின் மறுபதிப்பை வெட்டுபவர் பெர்னி கிரண்ட்மன். 1960-களில் அதே கான்டெம்பரரியில் வேலை பார்த்தவர் அவர். லாஸ் ஏஞ்சலீஸில் ராய் டுனான் பதிந்த அந்த ஒலியில் மினுக்கு வேலையே கிடையாது. ஜாஸுக்குப் புதியவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது 'ஆர்ட் பெப்பர் மீட்ஸ் த ரிதம் செக்‌ஷன்' தான்.

தட்டை வாங்கியதும் லேபிளைச் சுற்றியுள்ள வெற்று வளையத்தை விளக்கில் சாய்த்துப் பாருங்கள். யார் வெட்டினார் என்பது அங்கே கீறப்பட்டிருக்கும். கெவின் கிரே என்றால் 'கே.பி.ஜி.', பெர்னி கிரண்ட்மன் என்றால் 'பி.ஜி.', ரையன் ஸ்மித் என்றால் 'ஆர்.கே.எஸ்.' என்ற ஆங்கில எழுத்துகள். எந்தப் பெயரும் இல்லை, எந்த டேப் என்றும் உறையில் இல்லை, ஆனால் 'போனஸ் பாட்டு' உண்டு என்றால் யோசியுங்கள். 1963-க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகள் ஐரோப்பாவில் காப்புரிமைக் காலம் முடிந்தவை. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம்; சி.டி.யிலிருந்து எடுத்து அச்சிட்டாலும் கேட்க ஆளில்லை.

கேள்வி: 2022 சர்ச்சைக்குப் பிறகு மொபைல் ஃபிடெலிட்டி என்ற மறுபதிப்பு நிறுவனத்தின் தட்டுகளை வாங்கலாமா? டிஜிட்டல் கலந்தால் ஒலி கெட்டுவிடாதா?
— வாசகி, அழகாபுரம்

பதில்: வாங்கலாம். மூல டேப்பிலிருந்து நேரே வெட்டியது என்று வாங்கியவர்கள் நம்பிய தட்டுகளில் பல, இடையில் டி.எஸ்.டி. என்ற டிஜிட்டல் வடிவத்துக்கு மாற்றிய பிறகே வெட்டப்பட்டவை என்று அந்த ஆண்டு ஜூலையில் தெரியவந்தது. வழக்கும் நடந்தது. அதுவரை அந்தத் தட்டுகளை அனலாக்கின் உச்சம் என்று பாராட்டியவர்களில் நுட்பமான காது உள்ளவர்களும் இருந்தார்கள். அவர்கள் காது பழுதல்ல, நல்ல டி.எஸ்.டி. அந்த அளவுக்கு நல்லது. தவறு நடந்தது வாங்குபவரிடம் சொல்லாமல் விட்டதில். எப்படிச் செய்தது என்று உறையில் எழுதியிருக்கிறதா எனப் பார்த்து, விலைக்குத் தகுமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டில் சாக்ஸபோன் கரகரக்கிறது. விலை உயர்ந்த மறுபதிப்பிலும் அப்படியே. தட்டு பழுதா?
— வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: எல்லாத் தட்டிலும் நடக்கிறது என்றால் பழுது ஊசிப் பக்கம். 33⅓ வேகத்தில் வெளி விளிம்பில் விநாடிக்குச் சுமார் 51 செ.மீ. தடம் ஊசிக்கடியில் ஓடுகிறது. உள்ளே வந்ததும் அது 21 செ.மீ. ஆகிவிடும். அதே ஒலி அலை பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருங்கி நிற்பதால், உருண்டை முனை ஊசியால் அந்த வளைவுகளுக்குள் இறங்க முடிவதில்லை.

முதலில் செலவில்லாததைச் செய்யுங்கள். தட்டின் மையத்திலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. தூரத்தில் இரண்டு புள்ளி உள்ள ப்ரோட்ராக்டரை (ஊசியை நேராக்க உதவும் அளவுத் தாள்) அச்சிட்டு (அச்சிடும்போது அளவு 100 சதவீதம் என்று இருக்க வேண்டும், ஸ்கேல் வைத்துச் சரிபாருங்கள்), இரண்டு புள்ளியிலும் ஊசி செருகிய கார்ட்ரிட்ஜ் கோடுகளுக்கு இணையாக நிற்கும்படி திருகுகளைத் தளர்த்தி நகர்த்துங்கள். அடுத்து, ஊசி தட்டை அழுத்தும் எடை. டோன்ஆர்மில் உள்ள எண்ணை நம்பாமல், 0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசில் அளந்து பாருங்கள். ஆடியோ டெக்னிக்கா வி.எம்.95 வரிசை கார்ட்ரிட்ஜுக்கு 2 கிராம், ஆர்டோஃபான் 2எம் ப்ளூவுக்கு 1.8 கிராம். எடை குறைந்தால் தட்டு தேயாது என்று நினைத்துக் குறைக்காதீர்கள். எடை போதாத ஊசி தடத்துக்குள் துள்ளிச் சுவரை இடிக்கும். தேய்மானம் அதனால்தான் கூடும்.

இதற்குப் பிறகும் கரகரத்தால் ஊசியை மாற்றுங்கள். உங்களிடம் வி.எம்.95 இருந்தால் கார்ட்ரிட்ஜை மாற்ற வேண்டியதில்லை. உருண்டைக்குப் பதில் மெல்லிய முனை கொண்ட மைக்ரோலீனியர் ஊசியை மட்டும் வாங்கி அதே உடலில் செருகலாம். ஒரே இசையை 45 வேகத்தில் இரண்டு தட்டாகப் போடுவதும் இந்தக் காரணத்துக்காகத்தான்: உள் விளிம்பிலும் விநாடிக்கு 28 செ.மீ. கிடைக்கிறது. ஆனால் 10 நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து போய் மாற்ற வேண்டும். ஊசி சரியாக இருந்தால் 33 போதும் என்பதே எங்கள் எண்ணம்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து வந்த பழைய பெல்ட் டர்ன்டேபிளை 110 வோல்ட் ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டுகிறேன். பாட்டு இழுவையாக இருக்கிறது. மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' என்னிடம் உள்ள இரண்டு பதிப்பிலும் முதல் பக்கம் சுருதி சேரவில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?
— வாசகர், அம்மாபேட்டை

பதில்: இல்லை, இரண்டும் வேறு வேறு. ட்ரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பொறுத்தே சுற்றும் சிங்க்ரனஸ் மோட்டார் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்ததாக இருந்தால், நம் 50 ஹெர்ட்ஸில் 33⅓-க்குப் பதிலாக 27.8 சுற்றுதான் சுற்றும். அந்த மாடலுக்கான 50 ஹெர்ட்ஸ் புல்லியை வாங்கிப் போடுங்கள். இல்லையென்றால் இப்போதுள்ள மோட்டார் புல்லியைவிட விட்டம் 1.2 மடங்கு உள்ள புதுப் புல்லியை லேத்தில் கடைந்து வாங்கலாம். பிறகு 180 கோடு உள்ள 50 ஹெர்ட்ஸ் ஸ்ட்ரோப் வட்டை (வேகம் சரியென்றால் விளக்கொளியில் கோடுகள் அசையாமல் நிற்பதாகத் தெரியும்) வைத்துச் சரிபாருங்கள். எல்.இ.டி. விளக்கில் கோடு நிற்பது சரியாகத் தெரியாமல் போகலாம். சோக் வைத்த பழைய டியூப்லைட் நல்லது. பவர் கட்டின்போது இன்வர்ட்டரில் ஓட்டிப் பார்த்து வேகத்தை முடிவு செய்யாதீர்கள்.

'கைண்ட் ஆஃப் ப்ளூ' விஷயம் தட்டிலேயே இருக்கிறது. 1959 மார்ச் 2 அன்று முதல் பக்கத்து மூன்று பாட்டுகளையும் பதிந்த டேப் இயந்திரம் மெதுவாக ஓடியது. சரியான வேகத்தில் அதை ஓட்டும்போது சுருதி சற்று ஏறிவிட்டது. பல பத்தாண்டுகள் அப்படியே அச்சானது. 1992 மறுபதிப்பில்தான் திருத்தினார்கள். திருத்தியது எது என்று கண்டுபிடிக்க, வேகம் சரியான டர்ன்டேபிளில் முதல் பாட்டான 'ஸோ வாட்' போட்டு, சுருதிப் பெட்டியை 2 கட்டையில் வையுங்கள். பேஸ் அதோடு சேர்ந்து நின்றால் திருத்தியது. மேலே பிசகினால் பழையது. நடுவில் எட்டு ஆவர்த்தனத்துக்கு 2½ கட்டைக்கு ஏறி இறங்கும். அது இசையமைப்பு, பிழையல்ல.

கேள்வி: ஏற்காட்டில் மழைக்காலம் முடிந்ததும் தட்டுகளில் வெள்ளைப் புள்ளிகள், படபட என்று சத்தம். எப்படிக் கழுவுவது?
— வாசகி, ஏற்காடு

பதில்: அது பூஞ்சை. உலர்ந்த துணியால் துடைத்தால் தடத்துக்குள் அமுங்கிவிடும். டிஸ்டில்ட் வாட்டர் 750 மி.லி., 99 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் 250 மி.லி., ஃபிலிம் கழுவப் பயன்படும் வெட்டிங் ஏஜென்ட் 5 சொட்டு கலந்து, மென்மையான பிரஷ்ஷால் தடம் போகும் திசையிலேயே சுற்றித் தேயுங்கள். இரண்டு நிமிடம் ஊறவிட்டு, வெறும் டிஸ்டில்ட் வாட்டரால் அலசி, நிழலில் நிமிர்த்தி வைத்துக் காயவிடுங்கள். லேபிள் நனையக் கூடாது. கீழே சேலத்தில் இருப்பவர்களும் போர்வெல் தண்ணீரில் கழுவ வேண்டாம். உப்பு தடத்தில் படிந்து அதுவே படபடக்கும். பழைய 78 வேகத் தட்டுகளில் இந்தக் கலவையைத் தொடவே விடாதீர்கள். அவை அரக்கு, ஆல்கஹால் கரைத்துவிடும்.

பழைய காகித உள்ளுறைகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பாலித்தீன் பூசிய புது உள்ளுறை மாற்றுங்கள். பூஞ்சை திரும்பி வருவது அந்தக் காகிதத்திலிருந்துதான். அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் தள்ளி வைத்து, அலமாரியின் ஒவ்வொரு அடுக்கிலும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மாதம் ஒருமுறை அந்தப் பொட்டலங்களை வெயிலில் அல்லாமல் அடுப்புச் சூட்டில் காயவைத்துத் திரும்ப வையுங்கள்.